தாய் தந்த பாட்டு!

சேலத்தில் இருந்து ஏற்காடு போகும் சாலையில் ஒரு வளைவு நிற்கிறது. "மாடர்ன் தியேட்டர்ஸ்" வளைவு என்றால் ஊரில் சின்னப் பிள்ளையும் வழி சொல்லும். பஸ்சில் போகிறவர்கள் இன்றைக்கும் எட்டிப் பார்க்கிறார்கள். உள்ளே இப்போது ஸ்டூடியோ இல்லை. வீடுகள்தான் இருக்கின்றன.

ஒரு காலத்தில் இந்த வளைவுக்குள் போகாத நடிகர் இல்லை, பாடகர் இல்லை. திருச்செங்கோட்டைச் சேர்ந்த டி. ஆர். சுந்தரம் 1935-ல் தொடங்கிய கம்பெனி அது. நூறு படங்களுக்கு மேல் எடுத்தார்கள். படம் பிடிக்கும் கொட்டகை, பாட்டுப் பதியும் அறை, பிலிம் கழுவும் இடம் எல்லாம் ஒரே மதிலுக்குள்!

1950-ல் அங்கே தயாராகி வெளிவந்த படம் "மந்திரிகுமாரி". மு. கருணாநிதி வசனம் எழுதினார். எம். ஜி. ஆர். கதாநாயகன். ஜி. ராமநாதன் இசை அமைத்தார். படம் ஊர் ஊராக ஓடியது. அதில் பல பாட்டுக்களைப் பாடிய பெண்ணுக்கு அப்போது 22 வயது கூட நிரம்பவில்லை. கர்நாடக சங்கீத மேடையில் பெரிய வித்வான்களுக்குச் சமமாக உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்த பெண் அவர். டெண்ட் கொட்டகையில் மணலைக் குவித்து உட்கார்ந்தவர்களும் அந்தக் குரலைக் கேட்டார்கள்.

அவர்தான் எம். எல். வசந்தகுமாரி!

பெயருக்கு முன்னால் தாய்

"எம். எல்." என்ற இரண்டு எழுத்துக்கு என்ன அர்த்தம் தெரியுமா? "எம்" என்றால் மெட்ராஸ். "எல்" என்றால் லலிதாங்கி. லலிதாங்கி என்பது அவருடைய தாயாரின் பெயர்!

நம் ஊரில் பெயருக்கு முன்னால் தகப்பனார் பெயரின் முதல் எழுத்தைப் போடுவதுதான் வழக்கம். பாட்டுக் கலையைத் தொழிலாகக் கொண்ட குடும்பங்களில் தாய் பெயர் முன்னால் வரும். மதுரை சண்முகவடிவு அம்மாளின் மகள் எம். எஸ். சுப்புலட்சுமி ஆனார். மெட்ராஸ் லலிதாங்கியின் மகள் எம். எல். வசந்தகுமாரி ஆனார்.

வசந்தகுமாரி 1928-ம் ஆண்டு ஜூலை 3-ந் தேதி பிறந்தார். தகப்பனார் கூத்தனூர் அய்யாசாமி அய்யர். அவரும் சங்கீதக்காரர்தான். ஆனால் வீட்டில் இருந்த பெரிய பொக்கிஷம் அம்மாவிடம்தான் இருந்தது. அது நகையும் அல்ல, நிலமும் அல்ல. புரந்தரதாசர் என்ற மகானின் பாட்டுக்கள்!

மூக்குத்தியால் வந்த ஞானம்

புரந்தரதாசர் யார்? பாட்டு வாத்தியாரிடம் போகும் பிள்ளைகள் முதலில் "சரிகமபதநிச" என்று வரிசை பாடுகிறார்களே, அந்தப் பாடமுறையை வகுத்துக் கொடுத்தவர் அவர் என்பார்கள். கர்நாடக சங்கீதத்தின் பிதாமகர் என்று அவருக்குப் பட்டம். 1484-ல் பிறந்து 1564-ல் மறைந்தவர். கன்னட மொழியில் பாடியவர்.

அவரைப்பற்றி ஒரு கதை உண்டு.

முதலில் அவர் பெரிய லேவாதேவிக்காரர். அடகுக் கடை வைத்திருந்தார். "நவகோடி நாராயணன்" என்று ஊரார் சொல்லும் அளவுக்குப் பணம். ஆனால் கையை விட்டு ஒரு காசு போகாது. மகா கஞ்சர்!

ஒரு நாள் ஒரு ஏழை வந்தான். "மகனுக்குப் பூணூல் போடவேண்டும். ஏதாவது கொடுங்கள்" என்று கேட்டான். "நாளைக்கு வா" என்றார். மறுநாளும் வந்தான். "நாளைக்கு வா." இப்படியே பல நாள் நடக்க விட்டார்.

ஏழை அவர் வீட்டுக்குப் போனான். மனைவி சரசுவதிபாய் மனம் இளகினாள். கணவனைக் கேட்காமல் கொடுப்பதற்கு அவளிடம் இருந்தது பிறந்த வீட்டில் போட்ட மூக்குத்தி ஒன்றுதான். அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டாள்.

அந்த ஏழை நேராக எங்கே போனான்? அவள் கணவனுடைய அடகுக் கடைக்கே போனான்! மூக்குத்தியை வைத்துப் பணம் கேட்டான். பார்த்ததும் கணவனுக்குத் திக்கென்றது. அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்கு ஓடினார்.

"உன் மூக்குத்தி எங்கே? கொண்டு வா!" என்றார்.

அவள் நடுங்கிப்போனாள். உள்ளே போய்க் கிண்ணத்தில் விஷத்தைக் கலக்கினாள். குடிக்கப் போகும் நேரம், கிண்ணத்துக்குள் "டிங்" என்று ஏதோ விழுந்தது. பார்த்தால், மூக்குத்தி! கணவர் கடைக்கு ஓடிப் பெட்டியைத் திறந்தார். பெட்டி காலி. ஏழையாக வந்தது பண்டரிபுரத்து விட்டலன் என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. சொத்தை எல்லாம் தானம் செய்துவிட்டுத் தம்புராவை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அவருடைய பாட்டுக்களின் முடிவில் "புரந்தர விட்டலன்" என்ற முத்திரை வரும்.

கதை நடந்ததா இல்லையா என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். மனைவி கொடுத்ததால்தான் கணவன் பாடகன் ஆனான் என்று சொல்லும் கதை இது. பெண்கள் இதை விரும்பிக் கேட்பதில் ஆச்சரியம் இல்லை.

அம்மா தேடிய பாட்டுக்கள்

இந்தத் தாசர் பாட்டுக்கள் கன்னட நாட்டில் வீட்டுக்கு வீடு ஒலித்தன. தமிழ்நாட்டுக் கச்சேரி மேடையில் அவ்வளவாக இல்லை. லலிதாங்கி அம்மாள் நரசிம்மதாசர் என்பவரிடம் அந்தப் பாட்டுக்களைக் கற்றார். ஒன்று இரண்டு அல்ல, ஏராளமாகக் கற்றார். தான் பாடியதோடு நிற்கவில்லை. தமிழர்கள் படித்துப் பாடும்படி தமிழில் புத்தகமாகவும் கொண்டுவந்தார்.

பாட்டு என்பது விசித்திரமான சொத்து. நிலம் என்றால் பத்திரம் இருக்கும். பாட்டுக்குப் பத்திரம் கிடையாது. தெரிந்தவர் கண்ணை மூடிவிட்டால் அதுவும் போய்விடும். இன்னொருவர் தொண்டையில் ஏற்றினால்தான் உயிர் பிழைக்கும். லலிதாங்கி அம்மாள் ஏற்றிய தொண்டை மகளுடையது.

ஆனால், மகள் பாடகி ஆகவேண்டும் என்று பெற்றோர் முதலில் நினைக்கவில்லை என்பது வேடிக்கை. அவளை டாக்டருக்குப் படிக்க வைக்கவேண்டும் என்பது அவர்கள் ஆசை. கான்வெண்ட் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். வீட்டில் நாள் முழுவதும் பாட்டுச் சத்தம். பிள்ளை பாடத்தைப் படிக்குமா, பாட்டைப் பிடிக்குமா?

அந்தக் காலத்தில் ஜி. என். பாலசுப்பிரமணியம் என்றால் இளைஞர்களுக்குப் பைத்தியம். பி.ஏ. பட்டதாரி. "சகுந்தலை" படத்தில் எம். எஸ். சுப்புலட்சுமிக்கு ஜோடியாக நடித்தவர். மின்னல் மாதிரி பிருகா பேசும் சாரீரம். அவர் இந்தச் சிறுமி பாடுவதைக் கேட்டார். சிஷ்யையாக ஏற்றுக்கொண்டார். டாக்டர் படிப்பு அதோடு போயிற்று.

1940-ல் தாயும் மகளும் சிம்லாவில் சேர்ந்து கச்சேரி செய்தார்கள். மகளுக்கு வயது 12. பாவாடை கட்டும் வயது! இரண்டு வருஷம் கழித்துப் பெங்களூரில் தனிக் கச்சேரி. அதே ஆண்டில் கிராமபோன் இசைத்தட்டும் வந்துவிட்டது.

காப்பி அடித்தவர் அல்ல

அப்பா மாதிரியே பாடுகிறான், அம்மா மாதிரியே பாடுகிறாள் என்று சொன்னால் நாம் அதைப் புகழ்ச்சி என்று நினைக்கிறோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அச்சு அசலாக அதே குரல் வேண்டும் என்றால் இசைத்தட்டு போதுமே! இன்னொரு ஆள் எதற்கு?

வசந்தகுமாரி அம்மாவைப்போலப் பாடவில்லை. பாடும் விதத்தைக் குரு ஜி. என். பி.யிடம் இருந்து எடுத்துக்கொண்டார். கடகடவென்று உருண்டு வரும் பிருகா, ராகத்தை விரித்துக்கொண்டே போகும் துணிச்சல் எல்லாம் குரு கொடுத்தது. ராகம் பாட ஆரம்பித்தால் எங்கே திரும்புவார், எங்கே இறங்குவார் என்று பக்க வாத்தியக்காரரே காத்திருக்கவேண்டும். அவ்வளவு கற்பனை.

பாடும் பாட்டை அம்மாவிடம் இருந்து எடுத்துக்கொண்டார். கச்சேரியின் பிற்பகுதியில், கனமான உருப்படிகள் முடிந்து சபை சற்றுச் சாய்ந்து உட்காரும் நேரத்தில், தாசர் பாட்டு வரும். கன்னடம் தெரியாதவர்களும் தலையை ஆட்டுவார்கள். யசோதை உலகத்தையே காக்கும் கடவுளைத் தன் குழந்தை என்று எண்ணிக் கொஞ்சுகிறாளே, "ஜகதோத்தாரண" என்ற பாட்டு. புரந்தரதாசர் எழுதியது. காபி ராகத்தில் அதைக் கேட்டால் மொழி எதற்கு? குழந்தையைக் கொஞ்சாத தாய் எந்த ஊரில் இருக்கிறாள்?

சேலத்தில் கன்னடம் பேசும் நெசவாளர் குடும்பங்கள் நிறைய உண்டு. அவர்களுக்கு இந்தப் பாட்டின் சொல்லும் புரியும். மற்றவர்களுக்குப் பாவம் புரியும்.

அம்மா சேர்த்து வைத்ததை மகள் இப்படி நாடு முழுவதும் கொண்டுபோனார். 1976-ல் மைசூர் பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. புரந்தரதாசர் பாட்டுக்களுக்கு அவர் செய்த பணிக்காகத் தரப்பட்டது அது. பெற்றோர் ஆசைப்பட்ட டாக்டர் பட்டம், அம்மாவின் பாட்டு வழியாகவே வந்து சேர்ந்தது!

கொட்டகையில் கேட்ட குரல்

சங்கீத சபாவுக்குப் போகச் சீட்டு வாங்கவேண்டும், நல்ல சட்டை போடவேண்டும். சினிமாவுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. வசந்தகுமாரியைத் தமிழ்நாட்டின் பட்டிதொட்டிக்குக் கொண்டுபோனது சினிமாதான்.

1951-ல் என். எஸ். கிருஷ்ணனின் "மணமகள்" வந்தது. அதில் பாரதியாரின் "சின்னஞ்சிறு கிளியே" பாட்டை வி. என். சுந்தரத்தோடு சேர்ந்து பாடினார். சி. ஆர். சுப்பராமன் இசை. பிள்ளையைத் தூளியில் போட்டு ஆட்டும் வீடுகளில் அந்தப் பாட்டு இன்னும் ஓயவில்லை. அதே படத்தில் பி. லீலாவோடு சேர்ந்து "எல்லாம் இன்பமயம்" பாடினார். 1956-ல் "மதுரை வீரன்" படத்தில் பத்மினி ஆட, இவர் பாடிய "ஆடல் காணீரோ" பாட்டைக் கேட்டுச் சாருகேசி ராகத்தை அடையாளம் கண்டுகொண்டவர்கள் எத்தனையோ பேர்.

சினிமாவில் பாடியதால் சங்கீதம் கெட்டதா? இல்லை. 1967-ல் பத்மபூஷண் கிடைத்தது. 1977-ல் சென்னை மியூசிக் அகாடமி "சங்கீத கலாநிதி" பட்டம் சூட்டியது. அப்போது வயது 49. எம். எஸ். சுப்புலட்சுமி, டி. கே. பட்டம்மாள், எம். எல். வசந்தகுமாரி என்ற மூவரையும் பெண் மும்மூர்த்திகள் என்றே ரசிகர்கள் சொன்னார்கள்.

மந்திரிகுமாரியின் இன்னொரு குரல்

சேலத்துக் கதையில் இன்னொருவரையும் சொல்லாமல் விடக்கூடாது. அதே "மந்திரிகுமாரி"யில்தான் திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடிய "வாராய் நீ வாராய்" வருகிறது. மலை உச்சிக்கு மனைவியை அழைத்துப்போகும் வஞ்சகன் பாடும் பாட்டு. முதலாளி டி. ஆர். சுந்தரத்துக்கு அந்தப் பாட்டு அவ்வளவாகத் திருப்தி இல்லையாம். எழுதிய மருதகாசியும் இசை அமைத்த ராமநாதனும் சொல்லிச் சொல்லித்தான் படத்தில் இருக்கவிட்டார் என்பார்கள். இருக்கவிட்டது நல்லதாயிற்று!

லோகநாதனின் பிள்ளைகள் டி. எல். மகராஜன், டி. எல். தியாகராஜன், தீபன் சக்கரவர்த்தி மூவரும் பாடகர்கள். 1980-ல் "நிழல்கள்" படத்தில் உமா ரமணனோடு சேர்ந்து "பூங்கதவே" பாடினாரே, அவர்தான் தீபன். தகப்பனார் கணீர் என்ற குரலில் அதட்டிப் பாடுவார். மகன் இதமாக வருடிப் பாடினார். இந்த வீட்டில் தாய்வழிப் பாட்டியும் சாதாரண ஆள் அல்ல. நாடகத்திலும் படத்திலும் பாடி நடித்துச் சிரிக்க வைத்த சி. டி. ராஜகாந்தம்தான் அவர்!

பாலுக்கு அழுத குழந்தை

இனி, கொஞ்சம் வருத்தமான பகுதி.

வசந்தகுமாரி 1951-ல் விகடம் கிருஷ்ணமூர்த்தியை மணந்தார். பெயருக்கு ஏற்றபடி சிரிக்க வைக்கும் கலைஞர் அவர். ஒரு மகன், ஒரு மகள். மகள் 1953-ம் ஆண்டு ஜூலை 24-ந் தேதி பிறந்தாள். ஸ்ரீவித்யா என்று பெயர் வைத்தார்கள்.

அந்தச் சமயத்தில் கிருஷ்ணமூர்த்திக்கு ஒரு நோய் வந்தது. முகத்தின் தசைகளைத் தாக்கும் நோய். முகத்தை வைத்துப் பிழைக்கும் நடிகருக்கு முகத்திலேயே நோய் வந்தால் என்ன செய்வார்? நடிப்பை விடவேண்டியதாயிற்று.

குடும்ப பாரம் முழுவதும் வசந்தகுமாரியின் தலையில் விழுந்தது. இன்று ஓர் ஊர், நாளை ஓர் ஊர். ரெயிலில் தூக்கம், மேடையில் பாட்டு. "எனக்குப் பால் கொடுக்கக்கூட அம்மாவுக்கு நேரம் இல்லை" என்ற பொருளில் ஸ்ரீவித்யா பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

இதைக் கேட்டுத் தாயைக் குறை சொல்லலாமா? யசோதை கொஞ்சுவதைப் பாடிப் பாடி ஊரையே உருக்கியவர், தம் வீட்டுத் தொட்டில் அருகே உட்கார முடியவில்லை. பாடாமல் இருந்தால் தொட்டிலுக்குக் கீழே அடுப்பு எரியாது. வேலைக்குப் போகும் தாய்மார்கள் எத்தனையோ பேருக்கு இது சொல்லாமலே விளங்கும்.

சங்ககிரிக்காரர் கொடுத்த வாய்ப்பு

ஸ்ரீவித்யா பாட்டும் கற்றார், நடனமும் கற்றார். நல்ல சாரீரம். அம்மாவின் இடத்துக்கு மகள்தான் வருவார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவர் போனதோ சினிமாவுக்கு! 1967-ல் வந்த "திருவருட்செல்வர்" அவருக்கு முதல் படம். அதை எடுத்தவர் ஏ. பி. நாகராஜன். சங்ககிரிக்குப் பக்கத்தில் உள்ள அக்கமாப்பேட்டைக்காரர். அம்மாவின் குரலைக் கொட்டகைதோறும் ஒலிக்க வைத்தது திருச்செங்கோட்டுக்காரர் கம்பெனி என்றால், மகளின் முகத்தைத் திரையில் காட்டியது சங்ககிரிக்காரர் படம்!

1975-ல் கே. பாலசந்தரின் "அபூர்வ ராகங்கள்" வந்தது. அதில் ஸ்ரீவித்யாவுக்கு என்ன வேஷம்? பைரவி என்ற சங்கீதப் பாடகி! மேடையில் உட்கார்ந்து "ஏழு ஸ்வரங்களுக்குள்" என்று பாடுவார். ஆனால் குரல் அவருடையது அல்ல. வாணி ஜெயராம் பாடியது. அந்தப் பாட்டுக்காக வாணி ஜெயராமுக்குத் தேசிய விருதும் கிடைத்தது. வசந்தகுமாரியின் மகள், பாடத் தெரிந்தவர், பாடகியாக நடிக்கிறார். பாடுவது வேறொருவர்! சினிமா இப்படித்தான்.

ஆனால் அந்தப் படத்தை மறுபடி பார்க்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். தாளம் போடும் கை, சபையைப் பார்க்கும் பார்வை, தம்புராவுக்கு முன்னால் உட்காரும் இருப்பு. இவற்றை எந்த டைரக்டரும் நாலு நாளில் சொல்லிக் கொடுக்க முடியாது. பிறந்த வீட்டில் பார்த்துப் பார்த்து ஊறியது அது. அம்மாவின் சொத்தில் அவருக்கும் பங்கு கிடைக்கத்தான் செய்தது.

சிஷ்யைகளும் பெண்களே

பாட்டு என்ற சொத்து வேறு வழியிலும் போயிற்று. வசந்தகுமாரி பெரிய மனசோடு சொல்லிக் கொடுப்பவர். சிஷ்யைகளை மேடையில் பக்கத்திலேயே உட்காரவைத்துப் பாடவிடுவார். வயலின் வாசித்த ஏ. கன்யாகுமரி, பாடகி சாருமதி ராமச்சந்திரன் எல்லாரும் அவரிடம் பயின்றவர்கள்.

அவர்களில் ஒருவர் சுதா ரகுநாதன். அரசாங்க உதவித்தொகை பெற்று 1977-ல் அவரிடம் சேர்ந்தார். பல வருஷங்கள் குருவுக்குப் பின்னால் உட்கார்ந்து கூடப் பாடினார். நரசிம்மதாசரிடம் லலிதாங்கி கற்று, லலிதாங்கியிடம் வசந்தகுமாரி கற்று, வசந்தகுமாரியிடம் சுதா கற்றார். ரத்த சம்பந்தம் இல்லை. ஆனாலும் தாசர் பாட்டுக்கள் தடம் மாறாமல் வந்து சேர்ந்துவிட்டன. 2013-ல் சுதா ரகுநாதனுக்கும் சங்கீத கலாநிதி பட்டம் கிடைத்தது. அதைப் பார்க்கக் குரு இல்லை. 1990-ம் ஆண்டு அக்டோபர் 31-ந் தேதி வசந்தகுமாரி காலமாகிவிட்டார். வயது 62.

அடுத்த ஆண்டு, 1991-ல், "தளபதி" படம் வந்தது. பெற்ற குழந்தையை விட்டுப் பிரிந்த தாயாக நடித்தவர் ஸ்ரீவித்யா. வார்த்தை அதிகம் இல்லாமல் கண்ணாலேயே அழுத அந்தத் தாயை நம் வீட்டுப் பெண்கள் மறக்கவில்லை.

ஸ்ரீவித்யா புற்றுநோயால் பாதிக்கப்பட்டார். 2006-ம் ஆண்டு அக்டோபர் 19-ந் தேதி திருவனந்தபுரத்தில் காலமானார். அவருக்குக் குழந்தைகள் இல்லை. இறப்பதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பு உயில் எழுதியிருந்தார். தன் சொத்தைக் கொண்டு இசை, நடனப் பள்ளி ஒன்று தொடங்கவேண்டும், கலை படிக்கும் பிள்ளைகளுக்கு உதவித்தொகை கொடுக்கவேண்டும் என்று அதில் எழுதி வைத்திருந்தார்.